என் மகளின் இடது கண்

எங்கள் மூத்த மகளுக்கு இரண்டு வயது ஆகும் சமயத்தில் அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. முதலில் தூக்கம் சொக்கும் நேரத்திலும், காய்ச்சலில் கிடந்த நாட்களிலும்தான் அப்படித் திரும்பும். பிறகு சோறு தின்னும்போது, கையில் ஒரு பொருளை வைத்து உற்றுப் பார்க்கும்போது என்று வந்தது. மூன்று வயதில் அந்தக் கண் எந்நேரமும் மூக்கையே பார்த்தபடி நின்றுவிட்டது.

நாங்கள் அதை ஒரு குறையாக எண்ணவில்லை. எங்கள் பக்கத்தில் மாறுகண் என்றால் யோகம். அதிலும் பெண் குழந்தைக்கு இருந்தால் பிறந்த வீடும் விளங்கும், புகுந்த வீடும் விளங்கும் என்பார்கள். போதாததற்கு, அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் வந்தது. எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். பாறைக்கு வேட்டு வைத்து வைத்து ஓய்ந்துபோய், இனி மூடிவிடலாம் என்று இருந்தபோது, மேற்கு மூலையில் வைத்த ஒரு வேட்டில் தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. கவலை கட்டி மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்தோம். கடலைச் செடி தளதளவென்று நின்றது.

அப்பா காலமான பிறகு குடும்பத்தை நடத்தி வந்தவர் என் அண்ணன். அவருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். என் மகள்மேல் அவருக்கு உயிர். கிணற்று மேட்டில் நின்று அவர் ஊருக்கே சொன்னார்.

"பாப்பா கண்ணு திரும்புச்சு, கெணத்துல ஊத்துக்கண்ணு தெறந்துச்சு. இதுக்கு மேல ஆரு சாட்சி சொல்லோணும்?"

அதிலிருந்து அவர் சந்தைக்குப் போனாலும் சரி, மாடு பிடிக்கப் போனாலும் சரி, பாப்பா முகத்தில் விழித்துவிட்டுத்தான் போவார். விடிந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டே சுவரைத் தடவியபடி எங்கள் அறைக்கு வருவார். "எங்க சாமி இருக்கற? பெரியப்பனுக்கு மொகத்தக் காட்டு சாமி" என்பார். அவள் சிரித்துக்கொண்டு அவர் மூக்கைப் பிடிப்பாள். அதன் பிறகுதான் கண்ணைத் திறப்பார். ஒருநாள் வாசல்படி தடுக்கிக் குப்புற விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. அண்ணி, "மனுசன் கால ஒடச்சுக்கிட்டு அப்பறம் யோகத்த என்ன பண்றது?" என்று சிரித்தார். பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள், புது லாரிக்கு முதல் லோடு ஏற்றுகிறவர்கள் என்று அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விதைக்கடலையில் முதல் கை அவள் கைதான்.

இப்படி இருக்கையில், அவளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, மாட்டுக் கொட்டகையில் ஒரு குளவி அவளைக் கொட்டிவிட்டது. கொட்டிய இடம் வலது கண்ணின் இமை. சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் இமை வீங்கி, வலது கண் சுத்தமாக மூடிக்கொண்டது. மாறுகண்ணாகிய இடது கண் திறந்துதான் இருந்தது.

மத்தியானம் என் மனைவி அவளுக்குத் தட்டில் சோறு போட்டு வைத்தாள். குழந்தை தட்டுக்குப் பக்கத்தில் தரையைத் துழாவினாள். நான் கொட்டகையிலிருந்து உள்ளே போனேன். என்னை அண்ணாந்து பார்த்து, "பெரியப்பா" என்றாள்.

"உங்கப்பன் சாமி அது" என்றாள் என் மனைவி.

"ஏம்மா ஒரே பொகையா இருக்குது? ஆரு அடுப்பெரிக்கறா?"

அடுப்பில் நெருப்பே இல்லை. வெளியே சித்திரை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி ஒரு வெல்லக்கட்டியை எடுத்துக் குழந்தையின் முகத்துக்கு நேராக நீட்டினாள். குழந்தை கை நீட்டினாள். கை தள்ளிப் போயிற்று. இன்னொரு தடவையும் தள்ளித்தான் போயிற்று.

குளவியின் விஷம் இரண்டாவது கண்ணுக்கும் ஏறிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அண்ணன் அப்போதே வண்டி கட்டினார். நாமக்கல் டாக்டர் வீக்கத்துக்கு மருந்து போட்டார். இடது கண்ணைப் பார்த்துவிட்டு, விஷம் எதுவும் இல்லை, எதற்கும் சேலத்தில் கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். வீக்கம் வடிந்ததும் குழந்தை பழையபடி ஓடி ஆடினாள். எல்லாம் சரியாகிவிட்டது, சேலத்துக்கு எதற்கு என்றார் அண்ணன். என் மனைவி ஒப்பவில்லை. விளையாடுவது போலக் குழந்தையின் இடது கண்ணைத் தன் கையால் பொத்தினாள். குழந்தை பேசாமல் இருந்தாள். வலது கண்ணைப் பொத்தினாள். குழந்தை வீறிட்டுக் கையைத் தட்டிவிட்டாள். அன்றைக்கு என் மனைவி அப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் என்னிடம், "இந்தக் கண்ணப் பொத்துனா அவுளுக்கு ஒண்ணுமே இல்லைங்க. அந்தக் கண்ணப் பொத்துனாத்தான் அலர்றா. இது சும்மாதான் தெறந்திருக்குது போல இருக்குதுங்க" என்றாள்.

மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறினோம்.

சேலத்து டாக்டர் வயதானவர். குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, என் மனைவி செய்த அதே காரியத்தைத்தான் முதலில் செய்தார். ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை மூடினார். பிறகு சொட்டு மருந்து விட்டு, விளக்கு வைத்துப் பார்த்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சில குழந்தைகளுக்குக் கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும், இவளுக்கு அப்படி ஆகவில்லை என்றார். எங்களுக்குப் புரியும்படி அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

"கண்ணுல கோளாறு ஒண்ணும் இல்லைங்க. ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாத்தா, பாக்கற பொருள் ரெண்டாத் தெரியும். குழந்தையோட மூளைக்கு அது பிடிக்காது. அதனால திரும்பின கண்ணு காட்டறதை வேண்டாம்னு தள்ளிடுது. தள்ளித் தள்ளி, அந்தக் கண்ணுக்குப் பாக்கற பழக்கமே வராமப் போச்சு. இப்படியே விட்டா ஏழெட்டு வயசுக்கு மேல நான் என்ன செஞ்சாலும் அது திரும்ப வராது."

"அதுக்கு என்ன செய்யோணுமுங்க?" என்றேன்.

"ரெண்டு வேலை. முதல்ல, நல்ல கண்ணை மூடிக் கட்டணும். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும். அப்பத்தான் சோம்பேறிக் கண்ணு வேற வழியில்லாம வேலை செய்யும். அழுவா, விழுவா, பிய்ச்சு எறிவா. விடக்கூடாது. மாசாமாசம் எங்கிட்டக் கொண்டுவந்து காட்டணும். பார்வை வந்த பிறகு, கண்ணு நேரா நிக்கறதுக்கு ஒரு ஆபரேஷன். அது ரெண்டாவது வேலை."

ஆபரேஷன் என்ற சொல் எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பஸ்ஸில் எங்களோடு வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதலில் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. நாங்கள் உள்ளே நுழையும்போதே அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்றா தம்பி, பாப்பா கண்ண அறுக்கப் போறீங்களாமா?"

"அது அப்பறமுங்கண்ணா. மொதல்ல கட்டுத்தான்..."

"அறுத்து நேராக்கிப் போட்டா அதுல என்ன இருக்குது? நம்ம கொலசாமி ஆத்தா குடுத்த அடையாளமடா அது. கெணத்துல தண்ணி எப்படி வந்துச்சுன்னு மறந்து போச்சா உனக்கு?"

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள். மூத்தாருக்கு முன்னால் வந்து நின்று பேசும் வழக்கம் அப்போது கிடையாது. "அவுளுக்கு அந்தக் கண்ணு தெரியலைன்னு டாக்டரு சொல்றாருங்க."

"இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்குது அம்மிணி?"

"அந்தக் கண்ணுலயும் ஒரு குளவி கொட்டுச்சுங்களே."

கெட்ட மனிதர் அல்ல அவர். உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "நாம என்னத்தப் பேசறது? ஆத்தாகிட்டப் பூக் கேட்டறலாம்" என்றார்.

பூக் கேட்பது எங்களுக்குப் பெரிய காரியம். பெண் கொடுப்பது, புதுக் கிணறு தோண்டுவது, நிலம் வாங்குவது என்று எதையும் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் செய்யமாட்டோம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்துப் பூசை செய்து, ஒரு சிறு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அம்மன் சொன்னால் சொன்னதுதான். நான் எட்டாவது வரை படித்தவன். டாக்டர் சொன்னதையும் நம்பினேன், அம்மன் சொல்வதையும் நம்பினேன். இரண்டும் ஒன்றாகவே வரும் என்று அந்த வாரம் முழுவதும் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அண்ணன்தான் பூசாரியிடம் சொன்னார்: "பாப்பா கண்ண அறுத்து நேராக்கலாமா, வேண்டாமான்னு கேளுங்க." பூசாரி அதை அப்படியே அம்மனிடம் சொல்லி, கற்பூரம் காட்டி, வாழை இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்களையும் வைத்தார். பூசாரியின் பேரப்பிள்ளை வந்து ஒன்றை எடுத்தது. பிரித்தால் செவ்வரளி.

அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். டாக்டர் வராது என்று சொன்ன ஏழெட்டு வயதுதான் கண்முன் நின்றது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றே எனக்குத் தோன்றியது. அம்மன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

குழந்தை மட்டும் வழியில் போன ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். என் மனைவி பின்புறம் உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்துக் கேட்பது போல, அண்ணன் காதில் விழும்படி கேட்டாள்.

"ஏனுங்க, ஆத்தாகிட்ட என்னன்னு கேட்டாங்க?"

"அறுத்து நேராக்கலாமான்னு."

"கட்டுப் போடலாமான்னு கேட்டாங்களா?"

"இல்ல."

"டாக்டரு ரெண்டு வேலையின்னுதான சொன்னாரு? கண்ணு தெரியறதுக்குக் கட்டு, கண்ணு நேரா நிக்கறதுக்கு ஆபரேசன். ஆத்தா ஆபரேசன் வேண்டாம்னு சொல்லீட்டா. சரி, வேண்டாம். நேரா நிக்காட்டிப் போகட்டும். எம் புள்ளைக்குக் கண்ணு தெரிஞ்சாப் போதும். கட்ட வேண்டாம்னு ஆத்தா சொல்லவே இல்லியே."

அண்ணன் மாட்டை அதட்டினார். கொஞ்ச தூரம் போனபின், "அதுக்கும் ஒருக்காப் பூக் கேட்டறலாம்" என்றார்.

"ஆத்தாளுக்கு வேற வேலையில்லீங்களா? சளிப் புடிச்சா கசாயம் குடிக்கறோம். அதுக்கெல்லாமா பூக் கேக்கறோம்?"

அண்ணி பக்கென்று சிரித்துவிட்டார். அண்ணனும் மீசைக்குள் சிரித்த மாதிரிதான் இருந்தது. "கட்டறதுனா கட்டிக்கங்க. கண்ண மட்டும் ஆரும் தொடப்படாது" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மன் பாதி வழி விட்டிருக்கிறாள், அதை நான்தான் பார்க்காமல் இருந்தேன் என்று அங்கேயே கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். பார்வை வந்தால் அம்மனின் கண்களுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன் என்றும் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் டாக்டர் கொடுத்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் வைத்து வலது கண்ணை ஒட்டினோம். வெயிலில் வியர்த்து மத்தியானத்துக்குள் கழன்று தொங்கியது. ஒட்டிய இடமெல்லாம் வேர்க்குரு. என் மனைவி கறுப்புத் துணியில் ஒரு சிறு பை தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, தலையைச் சுற்றி நாடா போட்டுக் கட்டினாள். முதல் சில வாரங்கள் வீடே சாவு வீடு மாதிரி இருந்தது. குழந்தை அழுதாள், தூணில் முட்டிக்கொண்டாள், கோழிமேல் விழுந்தாள். கட்டை நெற்றிக்குத் தள்ளிவிடுவாள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்ப்பதற்குத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அதைக் கண்டுபிடித்து என் மனைவி பஞ்சை இன்னும் தடிமனாக வைத்தாள். அழுகிற குழந்தைக்குக் கட்டுப் போடுவது லேசான காரியமில்லை. எனக்கு மனசு கேட்காது, தோட்டத்துக்குப் போய்விடுவேன். அவள்தான் நின்று செய்தாள்.

இன்னொரு சங்கடமும் வந்தது. வலது கண்ணை மூடியதும், இடது கண் மூக்கை விட்டு மெதுவாக நகர்ந்து நேராக வந்து நின்றது. டாக்டர் எங்களிடம் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், அண்ணனுக்குத் தெரியாது. அவர் அன்றைக்கு நாமக்கல் சந்தைக்குக் கிளம்பியவர், வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு வந்து, திறந்து பார்த்துவிட்டு அலறினார்.

"ஐயையோ, நேராயிருச்சே! அடப்பாவி, யோகத்த மூடிப் போட்டயேடா!"

என் மனைவி ஓடி வந்து கட்டை அவிழ்த்தாள். இரண்டு தடவை இமைத்ததும் இடது கண் பழையபடி மூக்கைப் பார்த்துக்கொண்டது. "பாத்துக்கங்க. எங்கியும் போகல" என்றாள். அண்ணன் மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் பாப்பா முகத்தில் விழித்துவிட்டுப் போன பிறகுதான் கட்டு.

பொடிப் பொருள்களைப் பார்க்கிற வேலையாகக் கொடுங்கள், கண் பழகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பில் கல் பொறுக்குவது, வேப்பங்கொட்டையை நூலில் கோப்பது, உடைத்த கடலையில் சொத்தையைத் தனியே எடுப்பது என்று அண்ணியும் என் மனைவியும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார்கள். தொடக்கத்தில் நல்ல பருப்பையெல்லாம் சொத்தை என்று எறிந்தாள். கல்லைப் பொறுக்கச் சொன்னால் கம்பைப் பொறுக்கினாள். அண்ணி, "இவ பொறுக்குன கம்புல கூழு காச்சுனா பல்லெல்லாம் போயிரும்" என்பார். மாசாமாசம் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, இன்னும் கட்டுங்கள், இத்தனை நேரம் கட்டுங்கள் என்று கூட்டியும் குறைத்தும் சொல்வார்.

அந்தக் கோடையில் கிணறு கொஞ்சம் வற்றியது. அண்ணன் கட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் எனக்குத்தான் பெரிய பாரம் இறங்கியது.

எப்போது மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒருநாள் கட்டோடு வாசலில் உட்கார்ந்து கடலை பொறுக்கிக்கொண்டிருந்தவள், தலை நிமிர்ந்து, "பெரியப்பா சட்டையில பித்தான் இல்ல" என்றாள். அண்ணன் வாசல் கடைசியில் நின்றிருந்தார். குனிந்து பார்த்தார். நடுவில் ஒரு பித்தான் இல்லை. அவர் அவளையும் அவள் கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ சேலத்துக்கு நானும் வாரேன்" என்றார்.

அந்தத் தடவை அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. சுவரில் ஒரு அட்டை. எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காக, பல் வைத்த சீப்பு மாதிரி ஒரே உருவம், மேலே பெரியதாகவும் கீழே வரவரச் சிறியதாகவும் போட்டிருக்கும். பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டிச் சொல்ல வேண்டும். வலது கண்ணை மூட டாக்டர் ஒரு சிறு மூடியை எடுத்தார். அண்ணன், "இருங்க, நானே பொத்தறேனுங்க. இவ இடுக்குல பாக்கற கள்ளி" என்று தன் உள்ளங்கையை வைத்துப் பொத்தினார்.

"அழுத்தாதீங்க, சும்மா மூடுங்க" என்றார் டாக்டர்.

முதல் வரி சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது சொன்னாள். நாலாவதில் தயங்கி, கையை மேலே காட்டி, பிறகு இடது பக்கம் காட்டினாள். டாக்டர் தலையாட்டினார். அதற்கும் கீழே ஒரு வரி போனாள். கடைசி இரண்டு வரிகள் அவளுக்கு வரவில்லை. "பொடியா இருக்குதுங்க" என்றாள்.

"எனக்கு அதுக்கு மேல இருக்கறதே தெரியலீங்களே" என்றார் அண்ணன்.

"உங்களைத் தனியாப் பாக்கறேன்" என்று டாக்டர் சிரித்தார். பிறகு எங்களிடம், "வந்திருச்சுங்க. முழுசா இல்ல. ஆனா நாளைக்கே அந்தக் கண்ணுக்கு ஒண்ணு ஆனாலும் இதை நம்பிப் பொழைக்கலாம். ஆபரேஷன் இனி அழகுக்குத்தான். என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன் அண்ணன் எழுந்து நின்று கைகூப்பினார். "அது வேண்டாமுங்க. எங்க ஆத்தா வேண்டாம்னு சொல்லீட்டாளுங்க."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். "இதுவே போதுமுங்க" என்றாள் அவள். "இன்னிக்குக் கட்ட வேண்டாமுங்களா?"

"கொஞ்ச காலத்துக்குத் தினம் ஒரு மணி நேரம் கட்டுங்க. பிறகு நிறுத்திக்கலாம்."

வெளியே வந்ததும் கடைவீதிக்குப் போனோம். வெள்ளிக் கடையில் கண்மலர் கேட்டேன். கடைக்காரர் ஒரு ஜோடி எடுத்து வைத்தார். இரண்டும் தகட்டில் ஒரே அச்சில் தட்டியவை. இரண்டிலும் கருவிழி நட்டநடுவில் இருந்தது.

"இதுல எது எடது கண்ணுங்க?" என்று கேட்டார் அண்ணன்.

கடைக்காரர் விழித்தார். "எப்படி வெச்சாலும் ஒண்ணுதாங்க."

அண்ணன் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். குழந்தை எட்டி அதில் ஒன்றை எடுத்து, தன் இடது கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்து, "இது" என்றாள். அந்த ஒன்றைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து அவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரியிடம் கொடுக்கும்போது, இன்னது இடது என்று அவரே காட்டிக் கொடுத்தார்.